விட்டுவிடுகிறேன்

எனக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு. அதற்காகவே என்னைக் கட்டிக்கொள்ள ஒருவன் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருந்தான். கல்யாணம் காகிதத்தில் மட்டும். பாரிஸ் போனதும் அவரவர் வழி. அவனைக் கூட்டிவந்தவர் என் சித்தப்பா ஷார்ல். எனக்கு ஞானத்தகப்பனும் அவரே. பூசையில் “தூயவர், தூயவர், தூயவர்” என்று கோயில் அதிரப் பாடுகிறவர்.

“பீடத்துக்கு முன்னால பொய் சத்தியம் பண்ண மாட்டேன்” என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. “அவ்ளோதானா? கோயில் வேணாம்மா, ரிஜிஸ்தர் மட்டும் பண்ணிடலாம். அங்க பீடமும் இல்ல, பாவமும் இல்ல.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “அப்ப ஆண்டவர் கோயிலுக்குள்ள மட்டும்தான் தூயவரா? தெருவுக்கு வந்தா கண்ண மூடிக்குவாரா?”

“அவர் கடவுள்டி. நாம அப்படி இருக்க முடியுமா?”

“இருக்கணும்னுதான ஞானஸ்நானம் குடுத்தீங்க? கைக்குழந்தைக்குப் பேச வராதுன்னு, எனக்குப் பதிலா ‘சாத்தானை விட்டுவிடுகிறேன்’னு நீங்கதான சொன்னீங்க?”

நான் வாசற்கதவைத் திறந்தேன்.

“இப்ப எனக்கே பேச வருது சித்தப்பா. விட்டுவிடுகிறேன். கெளம்புங்க, ரெண்டு பேரும்.”