சக்கரவர்த்திக்கு யாரோ வீட்டு ஃப்ரிட்ஜ்

அக்காவைத் தட்டி எழுப்பியபோது குருவியின் கை ஐஸ்கட்டி மாதிரி இருந்தது. பத்தாவது படிக்கிறாள், ஒல்லியாக, ஓயாமல் பேசிக்கொண்டிருப்பதால் வீட்டில் அவள் குருவி. அன்று ராத்திரி அந்தக் குருவிக்குக் கிசுகிசுப்பு மட்டுமே வந்தது.

"நாளைக்கு அப்பாவக் கூட்டிட்டு வரச் சொல்லிட்டாங்க. ஹிஸ்டரி டீச்சர்."

"இதுக்கா எழுப்பின? காலைல சொல்லித் தொலைக்கிறது."

"காலைல நான் இருப்பேனான்னு தெரியலக்கா."

அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி. அப்பா கூடத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். இருவரும் அடிமேல் அடி வைத்துச் சமையலறைக்குப் போனார்கள். அக்கா பழக்கதோஷத்தில் ஃப்ரிட்ஜைத் திறந்து, அந்த வெளிச்சத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

விஷயம் இதுதான். சரித்திரத்திலிருந்து மூன்று பேரை ராத்திரிச் சாப்பாட்டுக்கு அழைக்க வேண்டும். உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் இருப்பதை மட்டும் வைத்து உபசரிக்க வேண்டும். ஃப்ரிட்ஜின் உள்ளே படம் பிடித்து, கட்டுரையோடு அனுப்ப வேண்டும். டீச்சர் கொடுத்த வீட்டுப்பாடம்.

குருவி பாதி உலகத்தைப் பிடித்த ஒரு சக்கரவர்த்தியையும், கப்பலேறிக் காணாமல் போய்த் திரும்பி வந்த ஒரு மாலுமியையும், அவள் வயதிலேயே முடிசூடிய ஒரு ராணியையும் தாராளமாகக் கூப்பிட்டுவிட்டாள். அப்புறம்தான் ஃப்ரிட்ஜைத் திறந்தாள். நாலு முட்டை, கிண்ணத்தின் அடியில் கொஞ்சம் தயிர், சுருங்கிப்போன அரை எலுமிச்சை, அம்மாவின் கண் சொட்டு மருந்து. கதவில் சாஸ் பாட்டில் இருக்க வேண்டிய இடத்தில், சோதித்துப் பார்க்க அப்பா வைத்திருந்த, ஃப்ரிட்ஜின் குளிரைக் கட்டுப்படுத்தும் இரண்டு தெர்மோஸ்டாட்.

"சக்கரவர்த்திக்கு தெர்மோஸ்டாட்டையா வறுத்து வெக்கச் சொல்ற?"

"ஆளுக்கு ஒரு முட்டை. மிச்சம் ஒண்ணுக்கு அவங்களே சண்ட போட்டுக்கட்டும், பழக்கப்பட்டவங்கதான். சரி, நீ என்ன பண்ண?"

குருவி முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சொன்னாள். அப்பா ஃப்ரிட்ஜ் மெக்கானிக். எந்த வீட்டுக்குப் போனாலும் தட்டுகளைக் கழற்றும் முன் போனில் உள்ளே ஒரு படம் எடுத்துக்கொள்வார். வேலை முடிந்ததும் அதைப் பார்த்து எல்லாவற்றையும் இருந்த இடத்திலேயே வைப்பார். ஒரு தக்காளிகூட இடம் மாறாது. அதற்காகவே அவரைத் தேடிக் கூப்பிடுவார்கள். அந்தப் படங்களில் வெண்ணெய், மூன்று விதச் சீஸ், திராட்சை, கட்டுக்கட்டாகக் கீரை என்று நிறைந்து வழிந்த ஒன்றைப் பொறுக்கி, தன் வீட்டுது என்று குருவி அனுப்பிவிட்டாள்.

"டீச்சர், 'இது உங்க வீட்டு ஃப்ரிட்ஜா?'ன்னு கேட்டாங்க. ஆமான்னேன். 'நல்லது, அப்பாவக் கூட்டிட்டு வா'ன்னாங்க. எனக்குச் சந்தேகம் வந்து அப்பா போன்ல அடுத்த படத்தப் பாத்தேன்."

அடுத்த படத்தில் அதே ஃப்ரிட்ஜ் கதவு மூடியிருந்தது. கதவில் காந்தம் வைத்து ஒட்டிய கல்யாணப் போட்டோ. மாலையும் கழுத்துமாக ஹிஸ்டரி டீச்சர்.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

"சிரிக்காதக்கா. செத்துருவேன்."

"கதவ மூடுங்கடி. கம்ப்ரசர் அழுவுது."

சமையலறை வாசலில் அப்பா நின்றிருந்தார். குறட்டை நின்றதை இருவரும் கவனிக்கவில்லை. குருவி இன்னொரு முறை முதலிலிருந்து சொன்னாள். இந்த முறை அக்கா சிரிக்கவில்லை.

அப்பா திட்டியிருந்தால் தேவலை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சொந்த மச்சானையே ஹாலோட நிறுத்துறவங்க, என்னைய அடுப்படி வரைக்கும் விடுறாங்க. உள்ள என்ன இருக்கு, என்ன அழுகிப்போச்சுன்னு எனக்குத் தெரியும். நான் வெளிய சொல்ல மாட்டேன்னுதான் விடுறாங்க. இது தெரிஞ்சா இனிமே எவன் கதவத் தொறப்பான்?"

"நான் வேணா பொய்..."

"சொன்ன பொய்யே போதும் தாயி. ஸ்கூல் வரைக்கும் எதுக்கு, வீடுதான் தெரியுமே. காலைல போவோம்."

டீச்சர் பாதி பின்னிய சடையோடு கதவைத் திறந்தார். உள்ளே அவர் வீட்டுக்காரர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், படம் என் போன்ல இருந்தது. பிள்ள எடுத்தது தப்பு, வேல முடிஞ்ச பிறகும் நான் அழிக்காம வெச்சிருந்தது அதவிடத் தப்பு." அப்பா போனை நீட்டி, டீச்சர் பார்க்கப் பார்க்க எல்லாப் படத்தையும் அழித்தார்.

"என் ஃப்ரிட்ஜ் எனக்குத் தெரியாதா?" என்றார் டீச்சர். "இவ கட்டுரைல ஒரு வரி எழுதியிருக்கா. அதப் பத்திக் கேக்கணும்." கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார்: "'சக்கரவர்த்திக்குக் கடைசியாகச் சாக்லேட் தருவேன். சாக்லேட்டைக் கீரைக் கட்டுக்குள் ஒளித்து வைப்பது எங்கள் குடும்ப வழக்கம்.' படத்தப் பெருசாக்கிப் பாத்தேன். கீரைக்கு நடுவுல நிஜமாவே நிக்குது. இப்படியொரு குடும்ப வழக்கம் எனக்கே நேத்துதான் தெரியும்."

பேப்பர் கொஞ்சம் மேலே ஏறியது. வீட்டுக்காரரின் வழுக்கை மறைந்தது.

"இவருக்குச் சுகர் முந்நூறத் தொட்டுச்சு. டாக்டர் கீரை சாப்பிடச் சொன்னாரேன்னு தினமும் இவரே கடைக்குப் போய் வாங்கிட்டு வருவாரு. மனுஷன் திருந்திட்டாருன்னு ஊரெல்லாம் சொல்லிவெச்சேன்."

"அது பழைய சாக்லேட்" என்றது பேப்பர்.

"நீங்க பேசாதீங்க."

அப்பா தரையைப் பார்த்தபடி, "இனிமே என்னக் கூப்பிட மாட்டீங்க, நியாயந்தான். மத்த வீடுகள்ல மட்டும் சொல்லிராம..." என்று இழுத்தார். அப்பா யாரிடமும் கெஞ்சிக் குருவி பார்த்ததில்லை.

"டீச்சர், அப்பா யாரு வீட்டப் பத்தியும் எங்ககிட்டகூடப் பேச மாட்டாரு. நான்தான் திருடினேன். எங்க ஃப்ரிட்ஜ்ல நாலு முட்டைதான் இருந்துச்சு. சிரிப்பீங்கன்னு பயந்துட்டேன்."

டீச்சர் சடையை முடித்து ரப்பர் போட்டார்.

"மெக்கானிக், ஃப்ரீசர்லேருந்து திரும்பவும் தண்ணி சொட்டுது. வந்ததுதான் வந்தீங்க, பாத்துட்டுப் போங்க. படம் வேண்டாம். உங்க பொண்ணு தட்டப் பிடிச்சுட்டு நிக்கட்டும்."

அப்பா பையைத் திறந்தார். ஃப்ரிட்ஜின் தட்டுகளைக் கழற்றி ஒவ்வொன்றாகக் குருவியிடம் கொடுத்தார்.

குருவி இரண்டு கையிலும் தட்டுகளோடு சமையலறை நடுவில் நின்றாள். வெண்ணெய், சீஸ், திராட்சை, மேலே ஒரு கீரைக்கட்டு. விரல் மரத்துப் போனது. டீச்சர் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"பழைய கட்டுரைக்கு முட்டை மார்க். இப்ப வாயால சொல்லு. உங்க வீட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்கு யாரக் கூப்பிடுவ?"

குருவி கையிலிருந்த தட்டுகளைப் பார்த்தாள்.

"யாரையும் கூப்பிட மாட்டேன் டீச்சர். வர்றவங்க ஃப்ரிட்ஜத் தொறந்து பாப்பாங்க."

பேப்பருக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பி, டீச்சர் திரும்பியதும் இருமலாக மாறியது. டீச்சர் எழுந்து வந்து, குருவியின் கையிலிருந்த கீரைக்கட்டை எடுத்து, அவிழ்த்து, ஒவ்வொரு தண்டாக உதற ஆரம்பித்தார்.