மிஸ்ஸி சொன்ன செவ்வாய்க்கிழமை

மீன்பிடிக் கிராமமான கண்டக்குழியில் அல்பேட்டைப் போலக் கதைக்கிற ஆள் கிடையாது. கொழும்பு மீன் சந்தையில் கொரோனா பரவி, மீன் தின்றாலே நோய் வரும் என்ற பேச்சும் கிளம்பியபோது அந்த மனிதர் வாயை மூடிக்கொண்டார். கடலுக்குப் போகலாம் என்று அதிகாரிகள் காலையில் அறிவித்தார்கள். போகக் கூடாது என்று பின்னேரம் அறிவித்தார்கள். வள்ளம் கரையிலேயே கிடந்தது. அவர் ரேடியோவை நிறுத்திவிட்டு, கதிரையைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்துவிட்டார். வைத்த சோறு ஆறிப்போனது.

பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பார்க்க வந்த அரசாங்க மருத்துவமாது ஸஃப்னாவை அல்பேட்டின் மனைவி டொறத்தி வேலியருகே மறித்தாள்.

"அரசாங்க ஆக்களோட அவர் கதைக்கமாட்டார் மிஸ்ஸி. எண்டாலும் ஒருக்கா வந்து பாருங்க."

ஸஃப்னா யன்னலுக்கு வெளியே நின்றாள்.

"காலமை ஒண்டு, பின்னேரம் ஒண்டு. நீங்களும் அதைத்தானே சொல்ல வந்தீங்க?" என்றார் அல்பேட், திரும்பாமல்.

"நாளைக்கு என்ன சொல்லுவாங்கண்டு எனக்கும் தெரியா அண்ணன். நான் கேக்க வந்தது வேற. நித்திரை வருதா?"

அல்பேட் கதிரையைப் பாதி திருப்பினார்.

"கண்ணை மூடினா நெஞ்சு இடிக்குது. இனி விடியவே வேண்டாமெண்டு இருக்கு."

டொறத்தி உள்ளே ஓடி அவர் தலையைத் தன்னோடு அணைத்துக்கொண்டாள். "என்னட்டச் சொல்லியிருக்கலாமே."

"நீயும் பயந்திருவாய்."

"இதுக்கும் டொக்டர் இரிக்கார்," என்றாள் ஸஃப்னா. "செவ்வாய்க்கிழமை கிளினிக். ஊரடங்குப் பாஸ் எடுத்து நானே கூட்டிப்போறன்."

"பைத்தியமெண்டு எழுதிருவாங்க."

"நித்திரை வராட்டிப் பைத்தியமா? அப்ப எனக்கும் சேத்து எழுதட்டும்."

செவ்வாய் விடியலிலேயே மழை. "அவ வரமாட்டா. அவவும் அரசாங்கம்தானே," என்றார் அல்பேட். டொறத்தி இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி அவருடைய சேட்டை மினுக்கினாள். சற்று நேரத்தில் வாசலில் ஓட்டோ வந்து நின்றது. ஸஃப்னா தொப்பலாக நனைந்திருந்தாள். அல்பேட் அவளைப் பார்த்தபடி நின்றார்.

"கொஞ்சம் பொறுங்க மிஸ்ஸி. தாடி வழிச்சிட்டு வாறன்."

கிளினிக்கில் கொடுத்த மருந்து மெல்லத்தான் வேலை செய்தது. சில நாள் மறுபடியும் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். அப்போது டொறத்தியும் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு கடலுக்குப் போகத் தொடங்கினார்.

அடுத்த வருடம் தடுப்பூசி வந்தபோது ஊரே தயங்கியது. அல்பேட் டொறத்தியையும் கூட்டிக்கொண்டு முன்வரிசையில் நின்றார். அரசாங்கத்தை நம்பிவிட்டாயா என்று கூட்டாளிகள் கேட்டார்கள்.

"மிஸ்ஸி தானும் போட்டவ. போட்டபிறகு காய்ச்சல் வந்ததையும் மறைக்காமச் சொன்னவ. எனக்கு அது காணும்."

அன்று மாலை டொறத்திக்குத்தான் காய்ச்சல் வந்தது. அல்பேட் முதல்தடவையாகக் கஞ்சி காய்ச்சினார். உப்பு வாயில் வைக்க முடியாத அளவு. அவர் பார்த்துக்கொண்டே நின்றதால் அவள் முழுவதையும் குடித்தாள்.