தறி நின்றால் கை தூக்கு

அன்று மின்சாரம் போனது எனக்குத் தெரிந்ததா இல்லையா என்பதை என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஏழு வருடங்களாக அந்த மதியத்தைத் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் அதில் ஏதோ ஒன்று இடம் மாறிவிடுகிறது. சில நாட்களில் கதவுக்கு அப்பால் தறிகள் ஓய்வது தெளிவாகக் கேட்கிறது. சில நாட்களில் கேட்பதே இல்லை. ரத்தம் மட்டும் மாறுவதில்லை. ஜெனிதாவின் உதட்டில், சசிதரின் விரல்களில், அவன் அப்பாவின் புருவத்தில் என்று அது எப்போதும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

நாங்கள் நான்கு பேர். கருமத்தம்பட்டியில் சசிதரின் அப்பா அப்புசாமிக்கு நாற்பது விசைத்தறிகள் ஓடும் ஷெட் இருந்தது. அதன் கடைக்கோடியில், நூல் சுற்றிய பாவு உருளைகளை அடுக்கி வைக்கும் ஓர் அறை. சனிக்கிழமை மதியங்களில் அது எங்களுக்கு. சசிதர் கிடார் வாசித்தான். மாதா கோயில் பாடகர் குழுவில் டிரம்ஸ் அடிக்கும் கிளமென்ட் இங்கேயும் டிரம்ஸ் அடித்தான். துடியலூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் நான் பேஸ் கிடார். பாடுவது ஜெனிதா. அவளுடைய அப்பா ஞானாபரணம் அதே ஷெட்டில் வேலை செய்தார். அப்புசாமி கட்டிக் கொடுத்திருந்த லைன் வீடுகளில் ஒன்றில்தான் அவர்கள் குடியிருந்தார்கள்.

குழுவுக்கு ‘கழிவுப் பஞ்சு’ என்று பெயர் வைத்தவள் ஜெனிதா. தறி ஓட்டுகிறவர்கள் காதில் அடைத்துக்கொள்வது அந்தப் பஞ்சைத்தான். நாங்களும் அடைத்துக்கொண்டோம்.

பங்க் இசை எங்களிடம் ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கில் வந்து சேர்ந்தது. நாங்கள் பிறப்பதற்கு இருபது வருடம் முன்பு லண்டனிலும் நியூயார்க்கிலும் எங்கள் வயதுக்காரர்கள் கத்திய கத்தல். எழுபதுகளில் அங்கே வேலை இல்லை, வாடகைக்கு வழி இல்லை, இசை கற்றுக்கொள்ளப் பொறுமையும் இல்லை. கிடாரில் மூன்றே மூன்று கார்டு பிடிக்கத் தெரிந்தவன் மேடை ஏறினான். பாட்டு இரண்டு நிமிடத்தில் முடிந்தது. முடியும்போது யாருக்காவது பல் உடைந்திருந்தது. நான் கிடைத்ததையெல்லாம் தேடி வாசித்து, பயிற்சிக்கு நடுவே இவர்களுக்குச் சொல்வேன். நான் வாய் திறப்பது அதற்கு மட்டும்தான் என்று கிளமென்ட் கிண்டல் செய்வான். கோயம்புத்தூரிலும் மில்கள் மூடின, ஆனால் இங்கே யாரும் அப்போது கிடாரை எடுக்கவில்லை என்று ஒருநாள் சொன்னேன். கிளமென்ட் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தான். அப்படிப் பார்க்கப்படுவது எனக்குப் பிடிக்கும்.

கிளமென்ட்டுக்குப் பிடித்தது அதற்கு அடுத்து வந்த நியூ வேவ். அந்தக் கூட்டத்திலேயே சிலர் கோபத்தைக் கொஞ்சம் இஸ்திரி போட்டு, கீபோர்டு சேர்த்து, ஆடுவதற்குத் தோதாக ஆக்கிய இசை.

“கோயில் கீபோர்டு சும்மாதான் கெடக்குது. நாளைக்கே தூக்கிட்டு வாரேன்” என்பான்.

“கீபோர்டு வந்துச்சுன்னா அது கல்யாண ரிசப்ஷன்டா” என்பான் சசிதர்.

“நியூ வேவ் மாப்ள. கோவம் இருக்கும். ஆனா குளிச்சு, தலை சீவி இருக்கும்.”

“மொதல்ல நீ குளி” என்பாள் ஜெனிதா.

சசிதரின் கோபம் குளிக்காத கோபம். ஒரு கல்லூரி விழாவில் யாரோ ஜெனிதாவைப் பார்த்து ஊளையிட்டபோது, பாட்டை நிறுத்தாமல் மேடையிலிருந்து குதித்து கிடாரின் அடிப்பாகத்தால் அவன் தாடையில் இடித்தான். நாற்காலிகள் பறந்தன. கிளமென்ட் தாளத்தை விடவேயில்லை. நான் ஒரு நாற்காலிக் காலால் முதுகில் அடி வாங்கினேன். எழுந்து மறுபடி வாசித்தேன். திரும்பி வரும்போது நால்வரும் பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வந்தோம். அடிபட்ட இடம் அவ்வளவு இனிமையாக வலிக்கும் என்று எனக்கு முன்பு தெரியாது.

ஷெட்டில் எங்களுக்கு ஒரே ஒரு சட்டம்தான். தறிகள் ஓடும்வரை என்ன சத்தம் வேண்டுமானாலும் போடலாம். நாற்பது தறிகளின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவனின் பேச்சே கேட்காது. மின்சாரம் போனால்தான் ஆபத்து. பாட்டு பாதியில் அறுந்துபோகிறதே என்று சசிதர் ஆபீஸ் இன்வெர்ட்டரிலிருந்து எங்கள் அறைக்கு ஒரு வயர் இழுத்திருந்தான். அதனால் மின்சாரம் போனாலும் எங்கள் விளக்கு அணையாது, ஆம்ப்ளிஃபயர் நிற்காது. காதில் பஞ்சு. கண்ணை மூடிக்கொண்டு பாடுகிறவளுக்கும் குனிந்தபடி அடிக்கிறவனுக்கும் எதுவும் தெரியாது. ஆகவே கதவோரம் நிற்கும் நான் மட்டும் ஒரு காதில் பஞ்சு வைக்கக் கூடாது.

“கௌதமா, தறி நின்னா கை தூக்கு. அவ்வளவுதான் உன்ற வேலை” என்றான் சசிதர். ஆறு மாதம் அந்த வேலையை ஒழுங்காகச் செய்தேன். நான் கை தூக்கினால் அதைப் பார்த்து சசிதர் கிடாரை நிறுத்துவான், நால்வரும் சட்டென்று ஓய்வோம். ஷெட்டில் யாரோ இருமுவது கேட்கும்.

அந்தச் சட்டம் ஏன் அத்தனை முக்கியமாயிற்று என்றால், ஜெனிதாவின் பாட்டு.

முந்தின வருடம் பதினேழாம் தறியிலிருந்து நாடா பறந்துவந்து ஞானாபரணத்தின் இடது கண்ணில் குத்தியது. இரண்டு முனையிலும் இரும்பு பதித்த மரக்கட்டை அது. நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல் நூலைக் குறுக்கே இழுத்துக்கொண்டு ஓடும். அது தெறித்து வெளியே வராமலிருக்க ஒரு தடுப்புக் கம்பி உண்டு. அறுந்த நூலை முடிச்சுப் போடும்போது கைக்கு இடைஞ்சலாக இருக்கிறது, உற்பத்தி குறைகிறது என்று அப்புசாமி எல்லாத் தறிகளிலும் அதைக் கழற்ற வைத்திருந்தார். கழற்றிய நாளில் ஸ்பேனர் பிடித்தவன் சசிதர். ஞானாபரணம் குடித்துவிட்டு வந்து தறியில் கையை விட்டார் என்று அப்புசாமி ஊரெல்லாம் சொன்னார். ஞானாபரணம் ஜெபமாலையும் டீயும் தவிர எதையும் தொடாதவர். அவர் அதை மறுக்கவில்லை. கண் போனவருக்கு ஷெட்டிலேயே தார் சுற்றும் மிஷினில் வேலை கிடைத்தது. நாடாவுக்குள் வைக்கும் சின்ன நூல்கண்டுகளை உட்கார்ந்தபடியே சுற்றிக் கொடுக்கும் வேலை. வீடும் மிஞ்சியது.

ஜெனிதா எழுதிய பாட்டு ஒன்றரை நிமிடம்.

நாடா பறந்துச்சு, கண்ணு போச்சு,
தடுப்புக் கம்பி எங்க போச்சு?
கழட்டச் சொன்னது யாரு?
பேரு சொல்லு, பேரு!

அதற்குப் பிறகு ‘அப்புசாமி’ என்று எட்டு தடவை. கடைசித் தடவை அது பேராகவே இருக்காது. தொண்டை கிழியும் சத்தமாக இருக்கும்.

பேரை எடுத்துவிடலாம் என்று நான் ஒருமுறை சொன்னேன். “பேரு இல்லாட்டி அது வெறும் ஒப்பாரி” என்றாள் ஜெனிதா. “ஒரே ஒருக்கா, நாலு பேர் முன்னால, மைக்குல சொல்லோணும். அப்பறம் பாடவே மாட்டேன்.” அவள் சசிதரைப் பார்த்தாள். அவன் தந்திகளைப் பார்த்தபடி, “பேரு இருக்கட்டும்” என்றான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆர்.எஸ்.புரத்தில் ஒரு காபிக் கடையின் மாடியில் எங்களுக்கு அரை மணி நேரம் கொடுத்திருந்தார்கள். அதற்கு முன்பு அப்புசாமியின் காதுக்குப் போனால் ஞானாபரணத்துக்கு வேலையும் இல்லை, வீடும் இல்லை. இது நால்வருக்கும் தெரியும். எனக்கு நன்றாகவே தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள், சனிக்கிழமை மூன்று மணிக்குக் கரண்டு போனது.

கேட்டேன் என்றே நினைக்கிறேன். நாற்பது தறிகள் ஒன்றாக நிற்பதில்லை. ஒவ்வொன்றாக மூச்சு விட்டு அடங்கும். என் வலது கை தந்தியின் மேல் இருந்தது. தூக்க வேண்டியதுதான். ஜெனிதா அப்போது ‘பேரு சொல்லு’ என்ற வரிக்கு வந்திருந்தாள். கை தூக்கவில்லை. ஏன் என்று என்னைக் கேட்டால், கேட்கவில்லை என்று ஒரு நாளும், அந்தப் பேர் வெளியே போகட்டும் என்று நினைத்தேன் என்று மறுநாளும் சொல்லத் தோன்றுகிறது. எட்டு தடவையும் அது போனது. இரைச்சல் இல்லாத ஷெட்டில், தகரக் கூரையில் மோதி, ஒவ்வொரு தறிக்கும் போய்ச் சேர்ந்தது.

பாட்டு முடிந்த பிறகுதான் மற்றவர்களுக்குத் தெரிந்தது. கதவு திறந்திருந்தது. அப்புசாமி நின்றார். நாடாவை அடித்துத் தள்ளும் தறிக்கட்டை கையில் இருந்தது. முழங்கை நீளம், வைரம் பாய்ந்த மரம். அவருக்குப் பின்னால் தறிக்காரர்கள். அவர்களுக்கு நடுவே ஒற்றைக் கண்ணோடு ஞானாபரணம்.

“ஏனுங்க அம்மணி, நிறுத்திப் போட்டீங்க?” என்றார் அப்புசாமி. குரல் விருந்தாளியிடம் பேசுவதுபோல இருந்தது. “நல்லாத்தான இருந்துச்சு. இன்னொருக்கா பாடுங்க.”

“அப்பா...” என்றான் சசிதர்.

“நீங்க சித்த சும்மா இருங்க கண்ணு. அம்மணி பாடட்டும். என்ற ஷெட்டு, என்ற கரண்டு, என்ற பேரு. நானும் நேர்ல கேக்கோணுமல்ல?”

ஜெனிதா காதிலிருந்த பஞ்சை எடுத்தாள். மைக்கைப் பிடித்தாள். பாடவில்லை, பேசினாள். “கழட்டச் சொன்னது அப்புசாமி.”

முதல் அடி அவரிடமிருந்து வரவில்லை. ஞானாபரணம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்து மகளின் வாயில் அறைந்தார். இன்னொரு முறை, புறங்கையால். பல்லில் பட்டு உதடு பிளந்தது. “மன்னிச்சுப் போடுங்க மொதலாளி, புத்தியில்லாத புள்ள” என்று சொல்லிக்கொண்டே மூன்றாவது முறை அடித்தார். இடது பக்கம் பார்வை இல்லாததால் அந்த அடி மைக் ஸ்டாண்டில் பட்டது. அவர் கைதான் கிழிந்தது. ஜெனிதா கையைக் கூடத் தூக்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“போதும், விடுங்க ஞானம்” என்றார் அப்புசாமி. “உங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லீங்க.”

அப்போது கரண்டு வந்தது. ஷெட்டில் குழல்விளக்குகள் எரிந்தன, காற்றாடிகள் சுற்றின. தறி தானாக ஓடாது. ஒவ்வொருவராகப் போய்க் கைப்பிடியைத் தள்ள வேண்டும். ஒருவரும் நகரவில்லை. “போய் ஓட்டுங்க” என்றார் அப்புசாமி. நகரவில்லை. நாற்பது தறிகளின் மௌனத்தை நான் அன்றுதான் முதன்முதலாக முழுதாகக் கேட்டேன். இன்னும் கொஞ்ச நேரம் அது நீடித்திருந்தால் என்னவோ ஆகியிருக்கும் என்று இப்போதும் நம்புகிறேன்.

அதை உடைத்தவர் ஞானாபரணம். கிழிந்த கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு போய் உட்கார்ந்து தார் மிஷினை ஓட்டினார். சன்னமான ஓசை. பிறகு ஒரு தறி. பிறகு பத்து. தறிக்காரர்கள் தலையைக் குனிந்தபடி கலைந்தார்கள்.

இரைச்சல் நிறைந்ததும் அப்புசாமி கதவைச் சாத்தினார். எங்களை மறைத்துவந்த அதே சத்தம் இப்போது அவரை மறைத்தது. சசிதரின் இடது கையைப் பிடித்து பாவு உருளையின் மேல் வைத்து அழுத்தினார். அவன் இழுத்தான். அவர் முழங்காலை அவன் வயிற்றில் ஏற்றினார். கட்டை இறங்கியது. சசிதரின் வாய் திறந்தது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை. இரண்டாவது அடி அதே விரல்களில். மூன்றாவது அடி விழும்முன் கிளமென்ட் டிரம்ஸில் மாட்டியிருந்த பித்தளைச் சிம்பலைக் கழற்றி எறிந்தான். அதன் விளிம்பு அப்புசாமியின் புருவத்தைக் கிழித்தது. ரத்தம் கண்ணை மூட, அவர் கண்மூடித்தனமாகக் கட்டையைச் சுழற்றினார். கிளமென்ட்டின் தோள்பட்டையில் ஏதோ முறிந்தது. ஜெனிதா மைக் ஸ்டாண்டால் அவருடைய முழங்காலில் அடித்தாள். அவர் விழுந்தார். விழுந்தவரின் மார்பில் மறுபடி அடித்தாள், மறுபடியும். அவள் உதடுகள் அசைந்தன. எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை. எட்டு என்று நினைக்கிறேன்.

நான் கதவோரம் நின்றேன். அப்போதுதான் என் வலது கை உயர்ந்தது. தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. யாரும் என் கையைப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஜெனிதா ஆர்.எஸ்.புரத்துக்குப் போனாள். நானும் போனேன். கிளமென்ட் ஒற்றைக் கையால் டிரம்ஸ் அடித்தான். தையல் போட்ட உதட்டோடு அவள் அந்த ஒரு பாட்டை மட்டும் பாடினாள். முப்பது பேர் இருந்தார்கள். அப்புசாமி யாரென்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. நன்றாகக் கை தட்டினார்கள்.

இறங்கி வரும்போது படியில் நின்று கேட்டாள்: “கரண்டு போனது உனக்குத் தெரியவே இல்லையா கௌதமா?”

“இல்லை” என்றேன்.

அப்புசாமிக்கு இரண்டு விலா எலும்பு முறிந்திருந்தது. படியில் விழுந்ததாகச் சொன்னார். போலீசுக்கு யாரும் போகவில்லை. அடுத்த மாதம் நாற்பது தறிகளிலும் தடுப்புக் கம்பி போட்டார். ஷெட் இன்னும் ஓடுகிறது. ஞானாபரணத்தை அவர் வேலையை விட்டு அனுப்பவில்லை. போன வருடம் மற்றக் கண்ணிலும் பார்வை மங்கியதால் அவரே நின்றுகொண்டார். அதே லைன் வீட்டில் இருக்கிறார். சசிதரின் மூன்று விரல்கள் மடங்குவதில்லை. திருப்பூரில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை பார்க்கிறான். அப்பாவோடு பேச்சு இல்லை. கிளமென்ட் மாதா கோயிலில் இப்போது கீபோர்டு வாசிக்கிறான், தோள் அதற்குத்தான் ஒத்துழைக்கிறது. ஜெனிதா ஓசூரில் நர்சாக இருக்கிறாள். பாடுவதில்லை. அப்பாவைப் பார்க்க வருடத்துக்கு ஒருமுறை வருகிறாள். நான் துடியலூரில்தான் இருக்கிறேன். படியில் சொன்ன அந்த ‘இல்லை’ நிச்சயமில்லை என்று அவளிடம் இன்னும் சொல்லவில்லை.