பின்சுவரில் ஒரு துவாரம்

வௌவால்களை எண்ணுவதில் ஒரு சூட்சுமம் உண்டு. அவை வெளியே வரும் துவாரத்தைப் பார்க்கக் கூடாது. அதற்கு மேலே தெரியும் வானத்தைப் பார்க்க வேண்டும். கறுத்த சுவருக்கு முன்னால் கறுத்த உடல் கண்ணில் படாது. அந்தி வெளிச்சத்தைக் கடக்கும் அந்த ஒரு கணத்தில்தான் படும். தவிர, கட்டடத்தில் எத்தனை துவாரமோ அத்தனை பேர் ஒரே நேரத்தில் நிற்க வேண்டும்.

அன்று ஒரு ஆள் குறைந்தது. அதனால்தான் அக்கா தன் தம்பியைக் கூப்பிட்டாள்.

அவளுக்கு மருந்துக்கடை, ஓய்வு நேரத்தில் வௌவால் எண்ணும் குழு. தம்பிக்கு லேத் பட்டறை. வாடகை இடத்தை அடுத்த மாதம் காலி செய்ய வேண்டும். புதுப் பட்டறை கட்டத்தான் மூடிக் கிடந்த இந்த ஐஸ் ஃபேக்டரியை வாங்கினான். இடிக்க அனுமதி கேட்டபோது உள்ளே வௌவால்கள் இருப்பது தெரிந்தது. இந்த வட்டாரத்தைத் தவிர வேறெங்கும் இல்லாத, அருகிவரும் சின்ன இனம். கொஞ்சமாக இருந்தால், குட்டிகள் வளர்ந்து பறந்துபோன பிறகு இடிக்கலாம். பெரிய கூட்டமென்றால் கட்டடத்தைத் தொடவே கூடாது. எண்ணிச் சொல்லும் பொறுப்பு அக்காவின் குழுவுக்கு.

"தேர்தல்ல நிக்கிறவனையே ஓட்டு எண்ணச் சொல்றியே," என்றார் அத்தான். அவர் கூரை ஓட்டைக்கு நேர் கீழே மடக்கு நாற்காலியை விரித்துக்கொண்டிருந்தார்.

பின்பக்கம்தானே, கொடி மூடிய துவாரத்தில் என்ன வந்துவிடப்போகிறது என்றாள் அக்கா. மிச்சமிருந்த பழைய எண்ணும் கருவியைத் தம்பியிடம் கொடுத்தாள். ஒரு முறை அழுத்தினால் ஒன்று கூடும்; மூன்று இலக்கம்தான் காட்டும். "தூங்கிடாதடா."

அதைத் திறந்து ஒரு சொட்டு எண்ணெய் விடாமல் அவனால் இருக்க முடியவில்லை. உள்ளே மூன்று சக்கரங்கள், ஒவ்வொன்றிலும் பூஜ்யம் முதல் ஒன்பது வரை. ஒரு சக்கரம் முழுச் சுற்று வந்தால் அதன் பல் அடுத்த சக்கரத்தை ஒரு படி தள்ளும்.

வெளிச்சம் மங்கியதும் கொடியிலிருந்து ஒன்று கழன்று வந்தது. அழுத்தினான். இன்னொன்று. பிறகு வரிசையாக. ஒன்றின் வால் மறைவதற்குள் அடுத்ததன் தலை. ஒன்றையொன்று இடிக்காமல், வானத்தில் ஒரு கயிறு பிரிவதுபோல. சிறகடிப்பின் காற்று அவன் நெற்றியில் பட்டது. நிமிர்ந்த கழுத்தை இறக்க மனம் வரவில்லை.

இந்தச் சுவரின் அமைப்பு அவனுக்குத் தெரியும். இரட்டைச் சுவர், நடுவில் தக்கை அடைத்திருக்கும். ஐஸ் உருகாமலிருக்க வெளிச் சூட்டைத் தடுத்த அதே தக்கை, இப்போது குட்டிகளின் உடற்சூட்டை வெளியே விடாமல் காக்கிறது. இந்தப் பருவத்தில் வெளியே வருபவை பெரும்பாலும் தாய்கள் என்று அக்கா சொல்லியிருந்தாள். ஒவ்வொன்றும் ஒரே ஒரு குட்டியை உள்ளே தொங்கவிட்டுவிட்டு இரை தேடப் போகிறது. திரும்பி வந்து, அத்தனைக்கும் நடுவே தன் குட்டியைக் குரல் கேட்டே கண்டுபிடித்துவிடும்.

சட்டென்று கட்டைவிரலுக்குக் கீழே கருவி கனத்தது. மூன்று சக்கரங்களும் சேர்ந்து புரளும் கனம் அது. கண்ணைத் தாழ்த்தினான்: மூன்று பூஜ்யங்கள். மறுபடி வானத்தைப் பார்த்தான்.

வரிசை மெலிந்து, நின்றது. இருட்டும் கூடிவிட்டது. அக்கா டார்ச்சோடு வந்தாள். அவள் பக்கம் ஒன்பது. அத்தான் பக்கம் நாலு, அதிலும் ஒன்று காக்கையோ என்று அவருக்கே சந்தேகம். தம்பியின் உள்ளங்கைமேல் வெளிச்சத்தை அடித்தாள். பதினாலு.

மூன்றையும் கூட்டினாள்: இருபத்தேழு. பிறகு அவன் தோளில் தட்டினாள். "சரிடா. குட்டிங்க போனதும் இடிச்சுக்க. நல்லபடியா கட்டு."

அவன் கருவியை மூடிப் பையில் போட்டிருக்கலாம். மூன்று பூஜ்யங்களைப் பார்த்தவன் உலகத்திலேயே அவன் ஒருவன்தான். உள்ளே, சுவருக்கு அந்தப் பக்கம், மெல்லிய கீச்சொலி எழுந்தது; ஒரு குரல் அல்ல, ஒரு கூடம் நிறைந்த குரல்.

"ஆயிரத்துப் பதினாலுக்கா," என்றான். "மூணு சக்கரமும் ஒரு சுத்து முழுசா வந்துடுச்சு. விரல்ல தெரிஞ்சுது. பார்த்தேன்."

அக்கா சுவரில் கை வைத்தபடி நின்றுவிட்டாள்.

"அப்போ லேத்தை எங்க வீட்டுக் கூடத்துலதான் போடணும் மாப்பிள்ளை," என்றார் அத்தான். யாரும் சிரிக்கவில்லை, அவரும்தான்.

ஒரு நாள் கணக்கு போதாது, நாளையும் எண்ண வேண்டும். நாளைக்குப் பின்பக்கத்துக்கு வேறு ஆள் பார்க்கிறேன் என்றாள் அக்கா.

"வேண்டாம், நானே நிக்கிறேன்," என்றான் தம்பி. "நாலு இலக்கம் காட்டுறது ஒண்ணு குடு."