மிதவையின் அடிவயிறு

அக்காவின் சிப்பிப் பண்ணைக் கயிறுகளில் தோல் பை மாதிரி என்னவோ மொய்த்துக்கிடந்தது. தொட்டால் தண்ணீரைப் பீச்சியடித்தது. சிப்பிகளுக்கு மூச்சுவிட இடமில்லை.

"உங்க பண்ணையாலதான் இந்தக் கடல்பீச்சி இங்க வந்திருக்கு. வெளிநாட்டு இனம்னு உறுதியாகட்டும், பண்ணையையே பிரிச்சிடுவோம்" என்றார் துறைமுக அதிகாரி.

உறுதி செய்யவேண்டிய ஆய்வகத்தில் வேலை பார்த்தவள் அவளுடைய தங்கை.

"உள்ளூர் இனம்னே எழுதிடுடீ" என்று கெஞ்சினாள் அக்கா.

தங்கைக்குப் பொய் வராது. முயன்றாலும் முகம் காட்டிக்கொடுத்துவிடும். கடல்பீச்சியை உயிரோடு ஸ்பிரிட்டில் போட்டால் சுருண்டு நெல்லிக்காய் ஆகிவிடும். எந்த இனமென்று ஆண்டவனுக்கே தெரியாது. அவள் கடல்நீரில் மென்தால் தூவி அதைத் தூங்கவைத்து, வாய் விரிந்த பிறகு அறுத்தாள். அடியில் காம்பு, செவுள் பையில் பக்கத்துக்கு நாலு மடிப்பு. அயல்நாட்டு இனமேதான்.

"கூடப் பிறந்தவளே குழி பறிக்கிறியே!" என்று அக்கா போனை வைத்துவிட்டாள்.

தங்கைக்கு அழுகை பொங்கியது. அழுதுகொண்டேதான் யோசித்தாள். பேர் தெரிந்துவிட்டது, பிறந்த வீடு எது? பண்ணையில் இருந்ததெல்லாம் நகமளவுக் குஞ்சுகள். தாய்கள் எங்கே? இதன் குஞ்சு ரொம்ப தூரம் நீந்தாது, நிழல் தேடி ஒட்டும். நீரோட்டத்துக்கு எதிராகப் பார்த்துக்கொண்டே போனாள். கண்ணில் பட்டது, அதிகாரியின் அலுவலகத்துக்கு முன்னால் படகு கட்டும் மிதவை.

மறுநாள் அதிகாரியையும் அக்காவையும் மிதவைமேல் நிற்கவைத்துவிட்டு மூழ்கினாள். அடேயப்பா! வெயிலே படாத அடிப்பக்கம் முழுக்க முஷ்டி முஷ்டியாகக் கடல்பீச்சிகள், செத்ததன்மேல் உயிருள்ளதாக அடுக்கடுக்காக. ஒரு கொத்தைப் பிய்த்துக்கொண்டு மேலே வந்தாள்.

"என்னம்மா அது?" என்று அதிகாரி குனிந்தார். அது அவர் மூக்குக்கண்ணாடியிலேயே பீச்சியது.

"இங்க பாட்டன் முப்பாட்டனெல்லாம் இருக்காங்க சார். பண்ணை போட்டே ஒரு வருஷம் ஆகல. இங்கேர்ந்துதான் குஞ்சுங்க அங்க போயிருக்கு."

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது அதிகாரிகளுக்கும் பொருந்தும். ஆனால் மனிதர் நேர்மையானவர். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "பண்ணை இருக்கட்டும்மா. மிதவையைத்தான் கரையேத்திச் சுரண்டணும்" என்றார்.

தங்கைக்கு ஆகாயத்தில் பறப்பதுபோல இருந்தது. அக்கா அவளை ஈரத்தோடு கட்டிக்கொண்டு, துறைமுகமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்.

"பொய் சொல்லத் தெரியாத கழுதைடி நீ! நல்லவேளை!"