வேற்று அணு

"அழுதுடு முனிம்மா, உள்ளயே வெச்சிகினா நெஞ்சு தாங்காதுடி" என்று சந்திரம்மாள் அத்தை, அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா அசையவில்லை. விடியற்காலையில் உயிர் போனதிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை.

"கல் நெஞ்சுக்காரி" என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். சசிகலாவுக்குச் சுருக்கென்றது. அம்மா அப்படியே உறைந்துபோய்விடுவாளோ என்ற பயமும் வந்தது.

போன பொங்கலுக்கு அப்பா சசிகலாவின் ஆராய்ச்சியைப் பற்றிக் கேட்டார். சில பொருள்களில் எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நகராமல் நிற்கும், மின்சாரம் பாயாது, வெளிப்பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும், சிலவற்றின் உள்ளே மட்டும் ஒரு முறுக்கு உண்டு என்றாள். வேற்று அணு ஒன்றை நடுவில் வைத்து, அதைச் சுற்றி என்ன நடக்கிறது என்று பார்த்தால் அந்த முறுக்கு தெரியவரும்.

"நல்ல பொருள்ல அழுக்கப் போட்டுப் பாக்கறதுக்கா இத்தினி வருசம் படிப்பு?" என்று சிரித்தார். பிறகு பிள்ளைப்பாக்கம் முழுக்க அதையே பெருமையாகச் சொல்லித் திரிந்தார்.

மேளக்காரர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். பின்பக்க மாடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"அண்ணாச்சி! பைப்புல தண்ணி வரல. மோட்டாரப் போடுங்க!"

வாடகை அறையில் இருக்கும் திருநெல்வேலிப் பெண், இசக்கிசெல்வி. நைட் ஷிப்ட் முடிந்து, கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிப் பின்சந்து வழியாக வந்தவளுக்கு எதுவும் தெரியாது. இந்த ஊரில் அப்பாவை அண்ணாச்சி என்று கூப்பிடுகிறவள் அவள் ஒருத்திதான்.

"அண்ணாச்சீ!"

அம்மா சட்டென்று அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

"யோவ், அந்தப் பொண்ணு கூப்ட்டுகினே கீது. காதுல வுழல? எயுந்து மோட்டாரப் போடுய்யா."

அப்பாவின் தோளைத் தொட்டாள். பிறகு உலுக்கினாள்.

"எயுந்திருய்யா... எயுந்திருய்யா..."

வீடே அதிர அலறினாள். அலறல் கேட்டு, முகத்தில் சோப்பு நுரையோடு ஓடிவந்த இசக்கிசெல்வி வாசற்படியில் திகைத்து நின்றாள். அம்மா அவளைத்தான் கட்டிக்கொண்டு அழுதாள். இரண்டு பேர் முகத்திலும் நுரை.

சசிகலா பின்பக்கம் போய் மோட்டார் சுவிட்சைப் போட்டாள். மாடியில் திறந்தே கிடந்த குழாய் ஒருமுறை இருமியது. தண்ணீர் வாளியில் விழத் தொடங்கியது. அப்பா வழக்கமாக நிற்கும் இடத்தில், வாளி நிரம்பும்வரை அவள் நின்றாள்.