ஆரஞ்சுப் பறவை விலகிய பதினோரு விநாடி

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன சனிக்கிழமை காலை பதினொன்று நாற்பத்திரண்டுக்கு என் கைப்பேசித் திரையின் வலது கீழ்மூலையிலிருந்து ஒரு லோகோ காணாமல் போனது. பதினோரு விநாடி கழித்துத் திரும்பி வந்தது. எனக்குக் கிடைத்த சம்பவம் அவ்வளவுதான். மீதியை நான் உட்கார்ந்து கட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு பீங்கான் கடை. சனிக்கிழமைதோறும் பதினோரு மணிக்குச் சமூக வலைத்தளத்தில் நேரலை போடுவார்கள். முன்னால் ஒரு பெண் நின்று கோப்பைகளை விரலால் சுண்டிக் காட்டி விற்பாள். அவளுக்குப் பின்னால், வலது ஓரத்தில், பார்சல் கட்டும் மேசை. அங்கே உட்கார்ந்து கோப்பைகளுக்கு பபுள் ரேப் சுற்றுகிறவர்களில் ஒருத்தி என் மகள்.

ஆறு வருடமாக அவள் என்னோடு பேசுவதில்லை. யாரோ அனுப்பிய தள்ளுபடி லிங்க்கைச் சும்மா தட்டியபோது அவளைப் பார்த்தேன். முகம் தெளிவதற்கு முன்பே ஆள் தெரிந்துவிட்டது. டேப்பைக் கத்தரிக்காமல் பல்லால் கடித்துக் கிழித்தாள். பல் போயிடும்டீ என்று இருபது வருடம் நான் தொண்டை கிழியக் கத்திய காரியம்.

இரண்டு சனிக்கிழமை அவளைப் பார்த்தேன். மூன்றாவது சனிக்கிழமை அந்த நேரலைக்கு ஒரு கூரியர் கம்பெனி விளம்பரதாரராக வந்தது. அதன் லோகோ, அலகில் பார்சலைக் கவ்விய ஆரஞ்சுப் பறவை, வலது கீழ்மூலையில் வந்து உட்கார்ந்தது. சிட்டுக்குருவி அளவுப் பறவை இல்லை. மேசை, நாற்காலி, மகள் எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டு உட்கார்ந்தது. இருபத்து மூன்று வாரம் அசையவில்லை.*

பிறகு அந்தப் பதினோரு விநாடி. பறவை இல்லை. மேசை இருந்தது. அவள் தலையை நிமிர்த்திக் கேமராவை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிக்கவில்லை. முறைக்கவும் இல்லை.

தற்செயலா, தெரிந்தேவா? எனக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான். அதற்காகத்தான் இந்தக் கதை.

(நேரில் போய்க் கேட்டால் என்ன என்கிறீர்கள். இரண்டு பஸ் மாறினால் கடை. மூன்று வருடத்துக்கு முன் அவள் வேலை பார்த்த மருந்துக்கடை எனக்குத் தெரியவந்தது. போய் எதிர்வாசலில் நின்றேன். உள்ளேகூடப் போகவில்லை. அடுத்த வாரம் அவள் அந்த வேலையில் இல்லை. இன்னொரு முறை அவளைத் தொலைக்க எனக்குத் தெம்பு கிடையாது.)

\* விளம்பரம் தெரிந்தவர் ஒருவர் சொன்னார்: ஐந்து நிமிடத்துக்கு மேல் எவரும் லோகோவைப் பார்ப்பதில்லையாம், கண் தானாக ஒதுக்கிவிடுமாம். அப்படியானால் அந்தக் கூரியர் கம்பெனி எனக்கு ஒரு பரிசு தரலாம். ஒரு மணி நேரமும் லோகோவை மட்டுமே வெறித்துக்கொண்டிருக்கும் ஒரே ஜீவன் நான்தான்.

2

எப்படித் தொடங்குவது?

“அந்தப் பெண்ணின் தலைமேல் ஆரஞ்சுப் பறவை வந்து அமர்ந்தபோது, அது அவளைக் கொல்லத்தான் வந்திருக்கிறது என்று அங்கிருந்த ஒருவருக்கும்—”

வேண்டாம். கைப்பழக்கம். வாரப் பத்திரிகைத் தொடர்கதையிலேயே ஊறிய கை. முதல் பாராவில் ஒரு பிணமாவது விழாவிட்டால் அதற்கு அரிக்கும்.

“ஒரு தாயின் ஏக்கத்தை எந்தத் திரையாலும்—”

இதை எழுதியவளை நானே அறைவேன்.

லோகோ வைக்கிறவரிடமிருந்து தொடங்கலாம். பதினோரு விநாடி பறவையை எடுத்தது அவர் விரல்தானே. அவரை எனக்குத் தெரியாது. ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. நல்லதாயிற்று. தெரிந்தவர்களைப் பற்றி எழுதி நான் பட்டது போதும்.

3

ஒட்டுக்காரர் கடையின் பின்னறையில், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே, முதுகு சாய்க்க இடமில்லாத ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். லோகோ ஒட்டுகிறவர் என்பதால் கேமராக்காரர் வைத்த பெயர் அது. அதற்குப் பிறகு அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் நடமாடியது.

அவர் மடிக்கணினியில் இரண்டு ஜன்னல்கள். இடது பக்கம், கேமரா அனுப்புகிற மொட்டைப் படம். வலது பக்கம், உலகத்துக்குப் போகிற படம். அதன்மேல் கடைப் பெயர், தள்ளுபடிப் பட்டை, ஆரஞ்சுப் பறவை, ஒவ்வொன்றும் தனித்தனிக் கண்ணாடித் தாள் மாதிரி அடுக்கி வைத்திருக்கும். பட்டியலில் ஒவ்வொரு தாளின் பெயருக்குப் பக்கத்திலும் ஒரு சின்னக் கண். கண்ணைத் தட்டினால் தாள் மறையும். மறுபடி தட்டினால் வரும்.

ஆகவே பறவைக்குப் பின்னால் நடப்பது திரையில் பார்க்கிற ஆயிரம் பேருக்கும் தெரியாது, ஒட்டுக்காரருக்குத் தெரியும். பார்சல்காரப் பெண் கொட்டாவி விடுவது. கோப்பையைச் சுற்றுமுன் உள்ளே விரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றித் தூசி பார்ப்பது. (இதை நான் அந்த இரண்டு சனிக்கிழமைகளில் பார்த்தேன். அவர் கண்ணில் எடுத்து வைத்துவிட்டேன்.)

பதினொன்று நாற்பத்தொன்றுக்கு ஒரு கமெண்ட் வந்தது.

“வந்துட்டாங்கய்யா, பீங்கான் பிரியை,” என்றார் ஒட்டுக்காரர், காது மைக்கில்.

“இன்னிக்கு என்னவாம்?” கேமராவுக்குப் பின்னாலிருந்து முணுமுணுப்பு வந்தது.

“புதுசா என்ன? லோகோவைக் கொஞ்சம் நகர்த்த முடியுமான்னுதான்.”

“அந்தப் பறவை மேல அவங்களுக்கு அப்படி என்னய்யா விரோதம்?”

“கூரியர்ல ஏதாவது உடைஞ்சு போயிருக்கும்.”

“உடைஞ்சா திட்டுவாங்க. இவங்க கெஞ்சறாங்க. தயவுசெய்துன்னு போட்டிருக்காங்க பாரு. லோகோகிட்டப் போய் யாராவது தயவுசெய்துன்னு கேப்பாங்களா?”

மேனேஜர் கதவிடுக்கில் தலையை நீட்டினார். “என்னப்பா ரெண்டு பேருக்கும் அரட்டை? கூரியர் ஆள் லைவ் முடியற வரைக்கும் போனும் கையுமா உக்காந்திருக்கார். பறவைக்கு ஒரு இறகு குறைஞ்சாலும் என் காதுதான் கிழியும். அடுத்தது உங்க காது.”

(பீங்கான் பிரியை நான்தான். சொல்ல வேண்டியதில்லை.)

(இந்த இடத்தில், ஒட்டுக்காரருக்கும் எங்கோ தொலைவில் ஓர் அம்மா இருப்பதாகவும், அவளை நினைத்து அவர் மனம் இளகுவதாகவும் ஒரு பாரா எழுதினேன். அடித்துவிட்டேன். அவர் நல்லவராக இருக்க வேண்டும் என்பது என் அவசரம். அதற்காக அவருக்கு ஓர் அம்மாவை ஏற்பாடு செய்வது மோசடி.)

4

தெரிந்தவர்களைப் பற்றி எழுதி என்ன பட்டேன் என்பதைச் சொல்லாமல் மேலே நகர முடியாது போலிருக்கிறது.

ஆறு வருடத்துக்கு முன் ஒரு காதல் தொடர் எழுதிக்கொண்டிருந்தேன். கொலை என்றால் தண்ணீர்பட்ட பாடு, காதல் வரவில்லை. மூன்றாவது வாரமே கதாநாயகி மரக்கட்டை மாதிரிப் பேசினாள். அடுத்த அறையில் என் மகள் கதவைச் சாத்திக்கொண்டு ஒருவனோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். சுவர் மெல்லிசு. என் கையில் பேனா இருந்தது.

அந்த வாரம் ஆசிரியர் போன் செய்தார். “மேடம், வசனத்துல பிச்சு உதறிட்டீங்க! அப்படியே உயிரோட இருக்கு!”

இருக்காதா பின்னே. உயிருள்ள ஒருத்தி பேசியது.

ஒன்பது வாரம் எழுதினேன். ஒன்பதாவது வாரம் முடிவெட்டும் கடையில் தன் முறைக்குக் காத்திருந்த அந்தப் பையன் பத்திரிகையைப் புரட்டியிருக்கிறான். தன்னிடம் மட்டும் சொல்லப்பட்ட ஒரு வாக்கியம் படத்தோடு அச்சாகியிருந்தது. இவள்தான் அம்மாவின் கதைக்கு அதை எடுத்துக் கொடுத்திருக்கிறாள் என்று நினைத்தான். இல்லை என்று இவள் எவ்வளவோ சொல்லியும் நம்பவில்லை. எப்படி நம்புவான்? சுவர் மெல்லிசு என்று அவனுக்குத் தெரியாதே.

அன்று மாலை அவள் என் மேசை இழுப்பறையைத் திறந்தாள். நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்திருந்தேன்.

அவள் என்னிடம் பேசியது நான்கு வாக்கியம். நான்கும் எழுத்துப் பிசகாமல் நினைவிருக்கிறது. எழுத மாட்டேன். அவள் வாயிலிருந்து வந்த ஒரு சொல்லையும் இனித் தொடுவதில்லை என்று எனக்கு நானே அன்றைக்குக் கோடு போட்டுக்கொண்டேன். வேண்டுமானால் திருப்பிப் பாருங்கள். இந்தக் கதையில் இதுவரை அவள் வாயே திறக்கவில்லை.

5

முடிவுகள்.

முதலாவது, கைத்தவறு. தள்ளுபடிப் பட்டையை எடுக்கப்போன ஒட்டுக்காரரின் விரல் ஒரு வரி தள்ளிப் பறவையின் கண்ணில் பட்டுவிட்டது. அவர் கவனிக்கவில்லை. மேனேஜரின் போன் அலறியது.

“யோவ்! பறவை எங்கய்யா?”

“ஐயையோ!”

தட்டினார். வந்தது. என் மகள் நிமிர்ந்து பார்த்தது மேனேஜர் போட்ட சத்தத்துக்கு.

இதில் இடிக்கிற இடமே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

இரண்டாவது, இரக்கம். அந்த வாரக் கமெண்டில் நான் வழக்கத்தைவிட ஒரு வரி கூடுதலாக எழுதியிருந்தேன்: பத்து விநாடி போதும். ஒட்டுக்காரர் அதை இரண்டு முறை படித்தார்.

“பத்து விநாடியில என்ன ஆயிடப்போகுது?” என்றார்.

“உன் வேலை போயிடப்போகுது,” என்றார் கேமராக்காரர்.

ஒட்டுக்காரர் தட்டினார். மனதுக்குள் எண்ணினார். பயத்தில் ஒன்று கூடிவிட்டது.

எனக்குப் பிடித்த முடிவு. நேரமும் பொருந்துகிறது: நான் கமெண்ட் போட்டது நாற்பத்தொன்றுக்கு, நேரலை கடையிலிருந்து என் கைக்கு வந்து சேர அரை நிமிடம் ஆகும். ஆனால் என் மகள் ஏன் நிமிர வேண்டும்? கமெண்டுகள் ஓடும் திரை அவளுக்குத் தெரியாது. பின்னறையில் நடப்பதும் தெரியாது. பறவை விலகிய அதே விநாடியில் அவள் கேமராவைப் பார்க்க வேண்டுமென்றால்—

அவளுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

பீங்கான் பிரியை யார் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? இங்கே வந்து பேனா இரண்டு நாள் நின்றுவிட்டது.

6

உங்களிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். பறவை வந்த வாரத்திலிருந்து அந்தக் கடையில் வாரம் ஒரு கோப்பை வாங்குகிறேன். இந்த வீட்டில் டீ குடிக்க நான் ஒருத்திதான். முகம்தான் தெரியவில்லை, அவள் கை பட்ட பெட்டியாவது வரட்டும் என்று. என் பெயரில் வாங்கினால் தெரிந்துவிடுமே? கீழ்த்தளத்துத் தையற்காரர் பெயரில் வாங்கினேன். அவர் மட்டும் விஷயம் அறிந்தவர்.

இன்று காலை இருபத்து மூன்றாவது பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் மேலே வந்தார்.

“மேடம், எனக்கு எங்கியோ இன்னொரு குடும்பம் இருக்குன்னு என் வீட்டுக்காரி முடிவே பண்ணிட்டா. கப்பு அந்த வீட்டுக்குப் போகுதாம்.”

“இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்குங்க.”

“நீங்க வேற! ஒண்ணாங்கிளாஸ்ல இருந்து அந்தப் பொண்ணுக்கு யூனிஃபார்ம் தைச்சவன் நான். இதுகூடச் செய்ய மாட்டேனா?”

அவர் இறங்கிப் போய்விட்டார். நான் திறந்த கதவில் கை வைத்தபடி நின்றேன்.

முகவரிச் சீட்டை வைத்து எத்தனை கொலைகாரர்களை நான் பிடித்துக் கொடுத்திருக்கிறேன்! அதே தெரு. அதே கட்டட எண். பன்னிரண்டு வருடம் தனக்குச் சீருடை தைத்த ஆளின் பெயர். அந்தச் சீட்டை ஒவ்வொரு வாரமும் பெட்டிமேல் ஒட்டியது யார் என்று எனக்கு ஏன் உறைக்கவில்லை?

பெட்டிகள் எல்லாவற்றையும் கூடத்தில் பரப்பினேன். அந்த மேசையில் பார்சல் கட்டுகிறவர்கள் மூன்று பேர், நான் பார்த்திருக்கிறேன். மற்ற இருவரும் டேப்பைக் கத்தரிப்பவர்கள். இருபத்து மூன்றிலும் டேப் நுனி பல் பட்டுக் கிழிந்திருந்தது. ஒன்றைக்கூட அவள் மற்றவர் கைக்கு விடவில்லை.

தெரிந்துதான் கட்டியிருக்கிறாள். தெரிந்துதான் நிமிர்ந்தாளா? அப்படியென்றால் எதற்கு?

7

மூன்றாவது முடிவு.

நேரலைக்குக் கால் மணி நேரம் இருந்தது. ஒட்டுக்காரர் பறவையை மூலையில் நேராக வைத்துக்கொண்டிருந்தார். பார்சல்காரப் பெண் பின்னறை வாசலில் வந்து நின்றாள்.

“என்னம்மா, டீ வந்துடுச்சா?”

“\_\_\_\_\_\_\_\_\_\_\_\_”

அவர் ஸ்டூலோடு திரும்பினார். “யாரு, பீங்கான் பிரியையா? அவங்களை உனக்குத் தெரியுமா?”

“\_\_\_\_\_\_”

“அடக் கடவுளே.” காது மைக்கைக் கழற்றி மடியில் வைத்தார். “நாங்க ரெண்டு பேரும் அவங்களை என்னமா கிண்டல் பண்ணிட்டோம், தெரியுமா? சரி, எடுக்கறேன். அவங்க கமெண்ட் வந்ததும் எடுக்கறேன், அப்பதான் பாக்கறாங்கன்னு நிச்சயம். கேமராக்காரர் கையைத் தூக்குவார், நீ நிமிர்ந்துக்கோ. ரொம்ப நேரம் தாங்காது, கூரியர் ஆள் கத்த ஆரம்பிச்சிடுவார். ஆனா ஒண்ணு மட்டும் சொல்லிடும்மா. அவங்க உன்னைப் பாக்கட்டும்னு எடுக்கச் சொல்றியா? இல்ல, ஒரு தடவை பார்த்துட்டு இதோட விட்டுடட்டும்னா?”

அவள் பதில் சொன்னாள்.

“\_\_\_\_\_\_\_\_\_\_\_\_\_\_\_\_\_\_\_\_\_\_\_\_”

இந்தக் கடைசிக் கோட்டின் நீளத்தை நான் மூன்று முறை மாற்றிவிட்டேன். அதற்கு மேல் கை வைக்கவில்லை. அவள் பேசுகிற மாதிரி எழுத எனக்கு வரும். நன்றாகவே வரும். அதனால்தான் எழுதவில்லை.

நாளை சனிக்கிழமை. கோடு உங்களுடையது. உங்களுக்குத் தெரிந்த ஏதோ ஒரு மகளை நினைத்துக்கொண்டு நிரப்பிக்கொள்ளுங்கள். கோபமாக வந்தாலும் சரி, ஒரே வார்த்தையாக இருந்தாலும் சரி. எழுதியதை எனக்கு மட்டும் காட்டிவிடாதீர்கள்.

அதை நான் அவள் சொல்லித்தான் கேட்க வேண்டும்.